ரேகை வைக்காத மனு

அனுப்புநர்: செல்போன் வைத்திருப்பவர், உசிலம்பட்டி, மதுரை மாவட்டம்.
பெறுநர்: தொலைத்தொடர்புத் துறை, சஞ்சார் பவன், புது தில்லி.
பொருள்: காசு கொடுத்து வாங்கிய போனுக்குச் சாவி கோருதல் தொடர்பாக.

ஐயா,

மனுதாரர் உசிலம்பட்டி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் முழுப் பணமும் ரொக்கமாகக் கொடுத்து ஒரு போன் வாங்கினார். தவணை இல்லை, கடன் இல்லை. வீட்டுக்கு வந்து திறந்தால் உள்ளே ஏற்கெனவே ஆள் குடியிருக்கிறது: மூன்று விளையாட்டு, கடன் கொடுக்கும் ஆப் ஒன்று, செய்தி சொல்ல ஒன்று. சிலவற்றைக் காலி செய்ய முடிந்தது. சிலவற்றைத் தூங்க வைக்கலாம், வெளியேற்ற முடியாது. இந்தப் பக்கத்தில் மாட்டை விற்றால் கயிறும் கைமாறும். மாட்டை ஓட்டிப் போகச் சொல்லிவிட்டுக் கயிற்றை மட்டும் விற்றவனே பிடித்துக்கொண்டு நிற்கும் வியாபாரத்தை மனுதாரர் இப்போதுதான் பார்க்கிறார்.

சர்வீஸ் கடைத் தம்பியிடம் போனார். "ரூட் பண்ணிட்டா எல்லாத்தையும் தூக்கிறலாம்ணே. ஆனா பேங்க் ஆப் ஓடுமான்னு கேக்காதீங்க" என்றான். ரூட் என்றால் போனின் முழு அதிகாரமும் நம் கைக்கு வருவது. அதற்குக் குறுக்கே போனுக்குள் பூட்லோடர் என்றொரு வாயிற்காவலன் உண்டாம். போனை ஆன் செய்ததும் முதலில் விழிப்பவன் அவன்தான். கம்பெனி முத்திரை இல்லாத மென்பொருளை உள்ளே விடமாட்டான். சில கம்பெனிகள் அவனை விலக்கவே விடுவதில்லை. சில கம்பெனிகள் விண்ணப்பம் போட்டு நாள் கணக்கில் காத்திருக்கச் சொல்கின்றன. அதைக் கேட்டு மனுதாரர் சிரித்துவிட்டார். 58 கிராமக் கால்வாயில் வைகைத் தண்ணீர் வரும் வரும் என்று தலைமுறைக் கணக்கில் காத்திருந்த ஊர் இது.

பூட்டே வேண்டாம் என்பதல்ல மனுதாரரின் வாதம். திருடனும் மோசடிக்காரனும் உள்ள உலகில் வங்கிகள் பயப்படுவது நியாயம்தான். போனின் அடையாளமான ஐஎம்இஐ எண்ணைத் திருத்துகிறவர்களுக்கு 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் மூன்றாண்டு வரை சிறை அல்லது 50 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்கிறது. அதிலும் அவருக்கு ஆட்சேபம் இல்லை.

பூட்டு யாருடைய பணத்தைக் காக்கிறது என்பதே கேள்வி. ரிலையன்ஸ் இன்ஃபோகாம் ஒருகாலத்தில் 10,500 ரூபாய் மதிப்புள்ள போனை 3,350 ரூபாய் முன்பணத்துக்கும் மாதம் 600 ரூபாய்க்கும் கொடுத்து, மூன்றாண்டுக்குத் தன் இணைப்பிலேயே கட்டிப்போட்டது. டாட்டா இண்டிகாம் ஆட்கள் அந்தப் போன்களின் வரிசை எண்ணை மாற்றி வாடிக்கையாளர்களை இழுத்துக்கொண்டார்கள் என்று வழக்கு. குற்றம்சாட்டப்பட்டவர்கள் வழக்கை ரத்து செய்யக் கேட்டபோது, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 65ஆம் பிரிவு இதற்குப் பொருந்தும் என்று சொல்லி, முழுமையாக ரத்து செய்ய 2005இல் ஆந்திர உயர் நீதிமன்றம் மறுத்துவிட்டது. குறைந்த முன்பணத்துக்குக் கொடுத்தவன் கட்டிப்போட்டான், சரி. முழு விலை வாங்கியவனும் ஏன் கட்டிப்போடுகிறான்? அமெரிக்காவில்கூட 2010 ஜூலையில், ஐபோன் பூட்டை உடைத்து வேண்டிய ஆப்பைப் போட்டுக்கொள்வது சட்ட விரோதமல்ல என்று விதிவிலக்கு கொடுத்துவிட்டார்கள்.

இங்கேயும் முயற்சி நடக்காமல் இல்லை. 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் போட்டு, முன்பே ஏற்றிய தன் ஆப்களை நீக்கவிடாமல் கூகுள் தடுக்கக் கூடாது என்றும் உத்தரவிட்டது. 2023 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதிசெய்தது, ஆனால் ஆப்பை நீக்கவிடும் உத்தரவை ரத்து செய்தது. பணம் கஜானாவுக்குப் போயிற்று. ஆப் மனுதாரரோடு தங்கிவிட்டது.

இந்த நிலையில்தான் துறையின் பேராற்றலை மனுதாரர் கண்ணாரக் கண்டார். 2025 நவம்பர் 28 அன்று, சஞ்சார் சாத்தி என்ற அரசு ஆப்பை எல்லாப் புதுப் போன்களிலும் 90 நாளுக்குள் ஏற்ற வேண்டும், அதன் செயல்பாட்டை முடக்கக் கூடாது என்று துறை உத்தரவு போட்டது. நாடே கூச்சல் போட, டிசம்பர் 3 அன்று கட்டாயம் இல்லை என்று திரும்பப் பெற்றது. விருப்பத்தோடு பதிவிறக்குவோர் பெருகிவிட்டார்களாம், அதனால் கட்டாயம் தேவைப்படவில்லையாம். மனுதாரர் நம்புகிறார். ஐந்தே நாளில் ஒரு பூட்டைப் போட்டும் எடுத்தும் காட்டிய துறைக்கு இன்னொரு பூட்டைத் திறப்பது என்ன பெரிய காரியம்?

ஆகவே பில்லோடு போனை வாங்குகிறவருக்குப் பூட்லோடர் சாவியையும் கொடுக்கும்படி கம்பெனிகளுக்கு ஓர் உத்தரவு போட வேண்டுகிறார். அவகாசம் 90 நாள் போதும். பழைய உத்தரவிலேயே தேதியை மாற்றிக்கொள்ளலாம்.

இம்மனுவை இணையத்தில் ஏற்றத்தான் பார்த்தார். போன் ரேகை கேட்டது. குற்றப் பரம்பரைச் சட்டத்தின்கீழ் ரேகை வைக்க மாட்டோம் என்று எதிர்த்து நின்றதற்காக, 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் மாயக்காள் என்ற பெண் உட்படப் பலர் போலீஸ் தாக்குதலில் மாண்ட சீமை இது. மனுதாரர் போனை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டுத் தபால் நிலையத்துக்குக் கிளம்பினார்.

இப்படிக்கு,
மனுதாரர்
(கையெழுத்து மட்டும்)