மாதிரி எண்ணிக்கை போதவில்லை

ராணுவ வீரனின் உடம்பை ஆராய நம் நாட்டில் ஆள் பஞ்சம் கிடையாது. இடுப்பைச் சுற்றி நாடா போட்டு அளக்கிறார்கள். கனத்த பூட்ஸோடு ஓடினால் முழங்கால் எப்போது போகும், மூட்டை சுமந்து நடந்தால் முதுகு எத்தனை நாள் தாங்கும், வெயிலில் அணிவகுத்தால் உடம்புச் சூடு எவ்வளவு ஏறும் என்று கணக்குப் பார்க்கிறார்கள். பிறகு கோலாலம்பூரில் ஏதாவது ஒரு ஐந்து நட்சத்திர ஹோட்டலில் கூடுகிறார்கள். கழுத்தில் அட்டை, கையில் சணல் பை, பைக்குள் எழுதாத பேனா. பத்து மணிக்குக் கறிபாப், ஒரு மணிக்கு நாசி பிரியாணி, நடுவில் வீரர் நலன். எல்லாக் கட்டுரையும் கடைசியில் ஒரே இடத்தில்தான் போய் நிற்கும்: மாதிரி எண்ணிக்கை போதவில்லை, மேலும் ஆய்வு தேவை.

எத்தனைதான் வேண்டும்? சொல்லிவிட்டால் நாங்களும் எண்ணிக்கொண்டே வருவோமே.

ஆராய்ச்சி மேல் எனக்குக் காழ்ப்பு இல்லை. இந்தக் கிள்ளான் பள்ளத்தாக்கே ஆராய்ச்சியால் பிழைத்த இடம். 1901இல் கிள்ளானுக்கு வந்த மல்கம் வாட்சன் என்ற மாவட்ட மருத்துவர், ஊரே மலேரியாவில் சாவதைப் பார்த்து, சதுப்பு நிலத்தில் கால்வாய் வெட்டி நீரை வடியவிட்டார். கிள்ளானும் துறைமுகமும் எழுந்து நின்றன. வெட்டிய கைகளின் பெயர்களை எவனும் எழுதிவைக்கவில்லை. அது வேறு வழக்கு. 1948இல் அமெரிக்க ராணுவ மருத்துவர் ஜோசப் ஸ்மாடலின் குழு இதே கோலாலம்பூரில், மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடு சேர்ந்து, குளோராம்பெனிகால் மருந்து உண்ணிக் காய்ச்சலைக் குணப்படுத்தும் என்று காட்டியது. போரில் சிப்பாய்களைக் கொத்துக் கொத்தாகச் சாய்த்த காய்ச்சல் அது. அந்தச் சோதனையின்போதே டைபாய்டுக்கும் அது கேட்கும் என்று தெரியவந்தது. சிப்பாய்க்காகத் தேடிய மருந்து தோட்டத்து வீடுகளுக்கும் வந்து சேர்ந்தது. அந்த ஆராய்ச்சி காய்ச்சலில் கிடந்தவனின் கட்டிலருகே நடந்தது. இப்போது நடப்பது எங்கே என்பதுதான் என் சந்தேகம்.

சுங்கை பீசிக்குப் போவோம். 1995இல் ராணுவக் கல்விக்கழகமாகத் தொடங்கி, 2006இல் முழுப் பல்கலைக்கழகமாக உயர்த்தப்பட்ட மலேசியத் தேசியத் தற்காப்புப் பல்கலைக்கழகம் அங்கேதான் இருக்கிறது. கடமை, மானம், நேர்மை என்பது அதன் முழக்கம். மருத்துவம் மற்றும் தற்காப்புச் சுகாதாரத்துக்கு என்றே அங்கே ஒரு புலம் உண்டு. நாட்டில் வேறெந்தப் பல்கலைக்கழகத்துக்கும் வாய்க்காத பாக்கியம்: ஆராய்கிறவரும் ஆராயப்படுகிறவரும் ஒரே வேலிக்குள். மானியத்துக்கு மனுப்போடும்போது பயணச் செலவு என்ற கட்டத்தில் பூஜ்யம் போட்டுவிடலாம்.

அந்த வேலிக்குள், 2017 மே 22 அதிகாலை, ஜெபாட் விடுதியின் ஓர் அறையில், சுல்பர்ஹான் ஒஸ்மான் என்ற 21 வயதுக் கடற்படைப் பயிற்சி மாணவரை, மடிக்கணினி திருடினாய் என்று சொல்லி, சக மாணவர்கள் நீராவி இஸ்திரிப் பெட்டியால் சுட்டார்கள். உடலின் 80 விழுக்காட்டில் பரவிய 90 தீக்காயங்கள். சட்டையில் மடிப்பு விழுந்திருந்தால் அணிவகுப்பில் திட்டு விழும் என்பதற்காக ஒவ்வொரு விடுதியிலும் வைத்திருக்கிற அதே பெட்டி. மருத்துவமனைக்கு அவர் கொண்டுபோகப்பட்டது ஜூன் 1. அன்றே செர்டாங்கில் இறந்தார்.

நடுவில் பத்து நாள்.

மருத்துவம் படிக்கிற எந்தப் பிள்ளையையும் கேளுங்கள், தீக்காயப் பாடத்தை ஒப்பிக்கும். ஒன்பதின் விதி: ஒரு கைக்கு 9, ஒரு காலுக்கு 18, மார்பும் வயிறும் 18, முதுகு 18, தலைக்கு 9. அடுத்து பார்க்லாண்ட் சூத்திரம்: உடல் எடையைத் தீக்காய விழுக்காட்டால் பெருக்கு, அதை நான்கால் பெருக்கு, முதல் 24 மணி நேரத்தில் நரம்பில் ஏற்ற வேண்டிய நீர் இத்தனை மில்லி என்று வரும். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு 80 விழுக்காடு என்றால் 19,200 மில்லி. அதில் பாதி முதல் எட்டு மணி நேரத்துக்குள் உள்ளே போயாக வேண்டும். இது தேர்வில் தவறாமல் வரும் கேள்வி. விரிவுரையாளர் பலகையில் எழுத, வகுப்பே வாய்விட்டுச் சொல்லும் பாடம். சூத்திரம் கற்பிக்கப்படும் வளாகத்தில், சூத்திரம் தேவைப்பட்ட ஓர் உடம்பு பத்து நாளில் எங்கெங்கு கிடந்து நொந்ததோ, அதன் நாடியை அந்த வளாகம் பிடித்துப் பார்க்கவில்லை. காலையும் மாலையும் தலை எண்ணும் இடம் அது. எண்ணியவருக்கு எண் சரியாகத்தான் வந்ததா?

இங்கே மனநலத்துக்கும் ஒரு படிவம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 1995இல் உருவாகி, மலாயில் பெயர்க்கப்பட்டு, நம் பல்கலைக்கழகங்களில் கண்ட இடத்திலெல்லாம் நிரப்பப்படும் டாஸ்-21. இருபத்தோரு வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை வட்டமிட வேண்டும். கடந்த ஒரு வாரத்தில் வாய் உலர்ந்ததா, கை நடுங்கியதா, காரணமில்லாமல் பயம் வந்ததா. காரணமில்லாமல்! காரணத்தோடு வரும் பயத்துக்கு அதில் கட்டம் கிடையாது. கடந்த ஒரு வாரத்தில் உங்களை எவராவது இஸ்திரி போட்டார்களா என்றும் அதில் கேட்கவில்லை. அது படிவத்தின் குற்றமல்ல, அதை உருவாக்கியவர்களுக்கு அப்படியொரு விடுதி இருக்கும் என்று கற்பனைகூட வந்திருக்காது. பெயர் எழுத வேண்டாம், எல்லாம் ரகசியம் என்பார்கள். படிவத்தைத் திரும்ப வாங்குகிற கை மேலதிகாரியின் கையாக இருந்தால் எந்தப் பையன் 3 போடுவான்? எல்லோரும் 0. எல்லோரும் நலம். அட்டவணை தயார், கட்டுரை தயார், பேராசிரியரின் கேபிஐ என்ற பணியிலக்குக் கணக்கில் ஒன்று கூடியாயிற்று.

கேபிஐ என்றதும் நினைவு வருகிறது. 2016இல் நாட்டின் மூத்த பல்கலைக்கழகமான மலாயாப் பல்கலைக்கழகத்திலிருந்து போன ஓர் ஆய்வுக் கட்டுரையில், உயிரணுப் படங்களை வெட்டி ஒட்டி, ஒரே உயிரணுவைப் பல இடத்தில் காட்டியிருந்ததை உலகமே இணையத்தில் பார்த்துச் சிரித்தது. கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. எண்ணிக்கைதான் சம்பளம், எண்ணிக்கைதான் பதவி உயர்வு என்று ஆன பிறகு, ஆய்வாளன் உயிரணுவைக்கூட ஆள் மாறாட்டம் செய்ய வைப்பான். தரவரிசை மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. வாழ்த்துப் பதாகை அச்சடிக்கிறவருக்கு ஓய்வில்லை.

கற்பித்தலும் லேசுப்பட்டதல்ல. ஓபிஇ என்று ஒரு முறை. கற்றல் விளைவு எது என்று முன்கூட்டியே அறிவித்து, அது விளைந்ததா என்று ஒவ்வொரு பருவமும் எக்செல் தாளில் நிரூபிக்க வேண்டும். விரிவுரையாளர்கள் மாணவரின் முகத்தைப் பார்ப்பதைவிட அந்தத் தாளைப் பார்ப்பது அதிகம். அறிவுக்கு சி1 முதல் சி6. கைத்திறனுக்கு பி1 முதல் பி7. மனப்பாங்குக்கு ஏ1 முதல் ஏ5. ஏ5 என்றால் ஒரு விழுமியம் மாணவனின் குணமாகவே மாறிவிட்டது என்று பொருள். தலைமைத்துவம், குழுப்பணி, நெறிமுறை எல்லாவற்றுக்கும் விழுக்காடு உண்டு, வண்ணப்படம் உண்டு. ஜெபாட் விடுதிச் சம்பவத்தில் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டவர்கள் 18 மாணவர்கள். குழுப்பணிக்கு எத்தனை மதிப்பெண் போடுவீர்கள்? ஒருவன் பெட்டியைச் சூடாக்க, ஒருவன் பிடிக்க, ஒருவன் வேடிக்கை பார்க்க, ஒருவன் வாயை மூடிக்கொள்ள என்று பதினெட்டுப் பேர் ஒத்துழைத்தால் அது குழுப்பணி இல்லாமல் வேறென்ன? மூத்தவன் சொன்னால் கீழ்ப்படி என்பது குணமாகவே மாறிவிட்டது. ஏ5. விளைவு விளைந்துவிட்டது, ஐயா. எக்செல் தாளில்தான் ஏறவில்லை.

வழக்கு நடந்த கதை தனி. 2021 நவம்பரில் கோலாலம்பூர் உயர் நீதிமன்றம் ஆறு பேருக்கு 18 ஆண்டு சிறை என்றது. 2024 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இது கொலைதான், தூக்கு என்றது. 2025 பிப்ரவரியில் கூட்டரசு நீதிமன்றம் மீண்டும் 18 ஆண்டு என்றது. தூக்குக்கயிற்றின் மேல் எனக்கு ஆசை இல்லை. அதைப் போட்டிருந்தால் எல்லோரும் கை கழுவிக்கொண்டு போயிருப்பார்கள். என் கோபம் கூண்டின் அகலத்தைப் பற்றியது. இருபது, இருபத்தொரு வயதுப் பையன்கள் பதினெட்டுப் பேர் ஏறி நிற்க அதில் இடம் இருந்தது. பத்து நாள் தலை எண்ணியவர்களுக்கு, விடுதிப் பொறுப்பில் இருந்தவர்களுக்கு, மூத்தவன் இளையவனை 'வளர்க்கும்' மரபைக் கட்டொழுங்கு என்று பெயர் வைத்துப் போற்றியவர்களுக்கு இடம் போதவில்லை.

அது மட்டும் நடந்து முடிந்த கதை என்றால் இதை எழுதியிருக்க மாட்டேன். தூக்கு என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லி மூன்று மாதம். 2024 அக்டோபரில் அதே பல்கலைக்கழகத்தில் ஓர் இளைய மாணவரின் மார்பில் நீராவி இஸ்திரிப் பெட்டி வைக்கப்பட்டதாகப் புகார். அதே வளாகம், அதே கருவி. அதே காலத்தில் இன்னொரு மாணவர் ஆணி வைத்த காலணியால் மிதிக்கப்பட்டு விலாவும் முதுகெலும்பும் முறிந்ததாக இன்னொரு புகார். நாடே கொதித்தது. அமைச்சர் அறிக்கை விட்டார், சமரசமே இல்லை என்றார்கள், குழு அமைத்தார்கள். ஏழு ஆண்டில் இஸ்திரிப் பெட்டியைப் பூட்டி வைக்கக்கூடத் தெரியாத இடத்துக்குக் குழு எதற்கு? ஒரு பூட்டு போதும். பிரிக்பீல்ட்ஸ் ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும்.

பிரிக்பீல்ட்ஸ் என்றதும் அங்கே சாப்பாட்டுக் கடைகளில் உட்கார்ந்து நாட்டைத் திருத்துகிற நம்மவர்களையும் சும்மா விடக்கூடாது. பகடிவதை என்று பேச்சு வந்தாலே ஒரு பெரியவர் தே தாரேயை ஆற்றிக்கொண்டே சொல்வார்: "எங்க காலத்துலயும் வாங்குனோம் தம்பி, நாங்க என்ன செத்தா போயிட்டோம்?" இதைவிட மோசமான ஆய்வு முறை உலகத்தில் இருக்க முடியாது. செத்தவர்கள் அந்த மேசையில் உட்கார்ந்து தேநீர் குடிப்பதில்லை. அவர்கள் பக்கத்து மாதிரி எண்ணிக்கை என்றைக்கும் பூஜ்யம். பிழைத்தவனை மட்டும் கேட்டால் அடி நல்லது என்றுதான் வரும். பேராசிரியர்களாவது மேலும் ஆய்வு தேவை என்கிறார்கள். நம் பெரியவர் முடிவே எழுதிவிட்டார்.

இன்னொரு கூட்டமும் இருக்கிறது. ஆண்டுக்கு ஒரு முறையாவது நம் தலைவர்களில் ஒருவர் மேடையேறி, இந்திய இளைஞர்கள் ராணுவத்தில் சேர்வதில்லை, தயக்கம் காட்டுகிறார்கள், நாட்டுப் பற்று வேண்டும் என்று வருத்தப்படுவார். கிள்ளானில் மாலை போட்டு வரவேற்று, கைதட்டி அனுப்புவோம். ஏன் சேர்வதில்லை என்று ஆராயவும் ஆள் கிளம்பும்: சம்பளம் குறைவா, சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லையா, பெற்றோர் தடுக்கிறார்களா. மூன்று தலைப்பு, முப்பது கேள்வி, மானியம்.

சூசைமாணிக்கம் சேர்ந்தார். 27 வயது. 2018 மே மாதம் லுமுட் கடற்படைத் தளத்துக்குப் பயிற்சி நிலை அதிகாரியாகப் போனார். பத்து நாள்கூட ஆகவில்லை, மே 19 அன்று இறந்தார். தயக்கம் காட்டவில்லை, நாட்டுப் பற்று இல்லை என்று சொல்ல முடியாது, தலைவர்கள் கேட்டதெல்லாம் அவரிடம் இருந்தது. பிள்ளைக்கு என்ன ஆனது என்று கேட்டு அவர் குடும்பம் வழக்கறிஞர்களோடு படியேறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. மரண விசாரணையில் வந்த முடிவை ஏற்காமல் மேலே போனார்கள். ஏழு ஆண்டு கழித்து, 2025 ஜூலை 31 அன்று, ஈப்போ உயர் நீதிமன்றம் அந்தச் சாவு ஆட்கொலை என்றது. அந்த ஏழு ஆண்டில் வீரர் நலன் பற்றி எத்தனை மாநாடு நடந்திருக்கும், எத்தனை சணல் பை கொடுத்திருப்பார்கள் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இளைஞர்கள் ஏன் சேர்வதில்லை என்று ஆராயப்போகும் அடுத்த குழுவுக்கு என்னால் ஆன உதவி: அந்தத் தீர்ப்பின் நகல் ஈப்போ நீதிமன்றப் பதிவகத்தில் இருக்கும். பக்கத்துக்கு எவ்வளவு என்று கேட்டுக் கட்டினால் கையில் தருவார்கள். மானியம் தேவைப்படாது, பெட்ரோல் காசு நான் தருகிறேன்.