ஆவாரஞ்செடியும் அமிட்ரிப்டிலினும்

கே: நாள்முழுதும் குனிந்து ஷூ அப்பர் தைத்து வந்த தலைவலிக்கு வேலூர் போனால், டாக்டர் மனச்சோர்வு மாத்திரையை எழுதித் தருகிறாரே! எனக்குப் பைத்தியம் என்றே தீர்மானித்துவிட்டாரா?
— வாசகர், ஆம்பூர்

ப: உங்கள் ஊர்த் தோல் ஷாப்புகளில் தலைமுறை தலைமுறையாகப் பட்டையால் தோலைப் பதனிட்டுத் தந்த ஆவாரஞ்செடியின் பூவையே உடற்சூட்டுக்குக் கஷாயமாக்கிப் பருகும் தாங்கள், தங்களையும் பதனிடுகிறார்களோ என்று என்றைக்காவது அஞ்சியதுண்டோ? அதுபோலத்தான் உங்கள் மாத்திரையும்: மனச்சோர்வுக்கென வந்த அமிட்ரிப்டிலின் நாட்பட்ட இறுக்கத் தலைவலியையும் தணிக்குமென்று சிட்னி வைத்தியர் ஜேம்ஸ் லான்ஸும் அவர் சகாவும் 1964-லேயே சோதித்துக் காட்டினார்கள். மனச்சோர்வுக்கு 75 மில்லிகிராமும் அதற்கு மேலும் வேண்டியிருக்க, தலைவலிக்கோ இரவில் 10-இல் தொடங்குவதே சம்பிரதாயம்.

பலன் தெரியச் சில வாரங்களாகும். அதற்குள் பொறுமையிழந்து அனுதினமும் வலி மாத்திரை விழுங்கினால், அதுவே புதிய தலைவலிக்குக் காரணமாகிவிடும்.