சீந்தில் சூரணமும் வேலூர்ப் பாஷாணமும்

கேள்வி: இரத்தப் புற்றுநோய்க்கு மாத்திரை உட்கொள்பவர், எதிர்ப்புச் சக்திக்காகச் சீந்தில் சூரணமும் பற்பமும் சேர்த்துக்கொள்ளலாமா? (வாசகர், போளூர்)

பதில்: எதிர்ப்புச் சக்தியின் படைவீரர்களான வெள்ளணுக்களே கட்டுக்கடங்காமல் பெருகுவதுதான் பெரும்பாலான இரத்தப் புற்றுநோய்களின் இயல்பு என்பதால், அப்படையை ஊக்குவிப்பதாகக் கூறும் எந்தச் சூரணமும் எந்த அணியை ஊக்குவிக்கும் என்று முதலில் கேட்க வேண்டும். 2020இன் இறுதி மாதங்களில், கொரோனா அச்சத்தால் சீந்தில் உட்கொண்ட 6 பேருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டதை மும்பை மருத்துவர்கள் பதிவு செய்துள்ளனர். நாட்பட்ட மைலாய்டு வகைக்குத் தரப்படும் இமாட்டினிப் மாத்திரையும் அதே கல்லீரலின் நொதிகளால், அதாவது வேதிமாற்றத்தை விரைவுபடுத்தும் புரதங்களால், சிதைக்கப்படுவதால் மூலிகைக் கலப்பு அதன் அளவைக் கூட்டவோ குறைக்கவோ கூடும்.

பற்பம் என்பது தாதுக்களைச் சுட்டு நீறாக்கியது; ஆனால் தாதுப்பொருளே ஆகாதென்பதில்லை. வெள்ளைப் பாஷாணம் எனப்படும் ஆர்செனிக் டிரையாக்சைடை, போளூருக்கு வடக்கே வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி, 1998 முதல் 2004 வரை புரோமைலோசைட்டிக் என்னும் கடுவகை இரத்தப் புற்றுநோய் கொண்ட 72 பேருக்குச் செலுத்தியதில், ஏறத்தாழ 86 விழுக்காட்டினரின் இரத்தத்திலிருந்து நோயின் தடயம் மறைந்தது. தமிழ்நாடு பெருமிதம் கொள்ளத்தக்க சாதனை இது. ஆயினும் அங்கே பாஷாணம் மில்லிகிராம் கணக்கில் சிரை வழியே ஏறியது, இதயத்துடிப்பின் வரைபடமும் கண்காணிக்கப்பட்டது; கடைப் பொட்டலத்துப் பற்பத்துக்கு அத்தகைய கண்காணிப்பு இல்லை. எனவே மாத்திரையை ஒரு நாளும் நிறுத்தாமல், சூரணப் புட்டியையும் பற்பப் பொட்டலத்தையும் பிரிக்காமலே அடுத்த பரிசோதனைக்கு எடுத்துச் சென்று இரத்தநோய் மருத்துவரிடம் காட்டுவதே தக்கது.