புது நகைக்குக் கழிவு

திங்கட்கிழமை காலையில் அவரிடம் போய், நேற்று ஸ்விஃப்ட் நன்றாக ஓடினாரே என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. சொன்னால் உடனே மறுக்க மாட்டார். மறுத்தால்தான் பரவாயில்லையே, இரண்டு நிமிடத்தில் சண்டை முடிந்துவிடும். "நல்லாத்தான் ஓடினான்" என்று முதலில் ஒப்புக்கொள்வார். கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். பிறகு "ஆனா..." என்று இழுப்பார். அதோடு உங்கள் காலைப் பொழுது போயிற்று.

சிகாகோவில் இவர் இல்லாத அலுவலகம் கிடையாது, முடிவெட்டும் கடை கிடையாது, மதுக்கடை நிச்சயமாகக் கிடையாது. எங்கள் அலுவலகத்துக்கு வாய்த்தவர் கணக்குப் பிரிவில் இருக்கிறார், அதனால் சேதம் கொஞ்சம் அதிகம். எங்கள் ஊர் அமெரிக்கக் கால்பந்து அணியான பேர்ஸின் ரன்னிங் பேக் யாராக இருந்தாலும் சரி, அதாவது பந்தை வயிற்றோடு அணைத்துக்கொண்டு பதினோரு தடியர்களுக்குள் தலையைக் கொடுத்து ஓட வேண்டிய அந்தப் பையன் யாராக இருந்தாலும் சரி, அவனை அணியின் பழைய நட்சத்திரம் வால்ட்டர் பேட்டனுக்குப் பக்கத்தில் நிறுத்தி, எடை பார்த்து, குறைச்சல் என்று சொல்லி அனுப்புவதே இவருடைய வாழ்நாள் தொண்டு. நகைக்கடையில் பழைய நகையைக் கொடுத்தால் அழுக்கு, அரக்கு, கல் என்று கழிவு போடுவார்கள். இவர் கடையில் தலைகீழ். கழிவெல்லாம் புது நகைக்குத்தான்.

2024 அக்டோபரில் வாஷிங்டனில் நடந்த ஆட்டத்தில் பேர்ஸின் ரன்னிங் பேக் ஸ்விஃப்ட் 56 கெஜம் ஒரே மூச்சில் ஓடி டச் டவுன் போட்டார். அறையில் எல்லோரும் எழுந்து குதித்தோம். இவர் மட்டும் சோபாவில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். மறு ஒளிபரப்பு வந்ததும் விரலை நீட்டி, "அவ்வளவு பெரிய சந்து. அதுல என் மாமியார்கூட ஓடியிருப்பாங்க" என்றார். முதல் கழிவு, சந்து. இரண்டாவது, இந்தக் காலத்து விதிகள்: இப்போதெல்லாம் யாரையும் தொடக்கூட முடியவில்லையாம், கொடியைத் தூக்கி எறிந்துவிடுகிறார்களாம். மூன்றாவது புல்தரை, நான்காவது காலணி. ஐந்தாவது, எதிரணி அந்த வருடம் சுமார் என்பது. கழித்துக் கழித்து 56 கெஜம் ஏழெட்டு கெஜத்துக்கு வந்து நிற்கும். அந்த ஆட்டத்தில் கடைசி வினாடியில் விட்டெறிந்த பந்தில் நாங்கள் தோற்றுப்போனது வேறு அவருக்கு வசதியாகிவிட்டது.

வேடிக்கை என்னவென்றால் கழிவுக்கு நிலையான விகிதம் எதுவும் கிடையாது. 2016இல் ஜோர்டன் ஹவர்ட் முதல் வருடத்திலேயே 1,313 கெஜம் ஓடினார், பேர்ஸ் புதுமுகங்களில் அதுவரை யாரும் அவ்வளவு ஓடியதில்லை. பேட்டன் முதல் வருடத்தில் ஓடியது 679. இதைச் சொன்னேன். "எண்ணை வெச்சு மனுஷனை எடை போடாதே" என்றார். சரி, எண் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அடுத்த வாரமே "பதினாறாயிரத்து எழுநூத்து இருபத்தாறு" என்று ஆரம்பித்தார். அது பேட்டன் மொத்தமாக ஓடிய கெஜம். அதை அவர் ஒவ்வொரு இலக்கமாக, சஷ்டி கவசம் சொல்வதுபோல் சொல்வார். அப்போது மட்டும் எண்ணை வைத்து மனுஷனை எடை போடலாம்.

மாட் ஃபோர்ட்டே 2014இல் 102 பந்து பிடித்தார். ரன்னிங் பேக் எவரும் அதற்கு முன் ஒரே பருவத்தில் அத்தனை பிடித்ததில்லை. "பந்து பிடிக்கிறதெல்லாம் ஓட்டத்துல சேர்த்தியா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் பேட்டன் ஏன் முழுமையான ஆட்டக்காரர் என்று நான் கேட்டபோது அவர் சொன்ன முதல் காரணம், வாழ்நாளில் 492 பந்து பிடித்தார் என்பதுதான். பேர்ஸ் சட்டையில் ஃபோர்ட்டே பிடித்தது 487. அந்த ஐந்து பந்து வித்தியாசத்தில்தான் பந்து பிடிப்பது கலையாகிவிடுகிறது.

கழிப்பது மட்டுமல்ல, பெருக்கவும் தெரியும். 1977இல் பேட்டன் 1,852 கெஜம் ஓடினார். அப்போது பருவத்துக்கு 14 ஆட்டங்கள்தான், 16 ஆனது அடுத்த வருடம், 17 ஆனது 2021இல். எனவே இவர் 1,852ஐ 14ஆல் வகுத்து 17ஆல் பெருக்கி, காகிதத்தின் ஓரத்தில் 2,249 என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டுக் காட்டுவார். உண்மையில் யாரும் ஓடாத அந்தக் கெஜங்கள் அவர் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் பத்திரமாக இருக்கின்றன. 1982இல் வேலைநிறுத்தத்தால் ஒன்பதே ஆட்டம் நடந்தது, அதற்கும் ஈடு கட்டுவார். இதே வாய்ப்பாட்டை 1973இல் 14 ஆட்டங்களில் 2,003 கெஜம் ஓடிய ஓ.ஜே. சிம்ப்ஸனுக்கும் போட்டுப் பார்க்கலாமே என்று ஒருமுறை சொன்னேன். அந்த மனிதர் பேச்சை அலுவலகத்தில் எடுக்கக் கூடாது என்று கதவைச் சாத்தினார்.

யாராவது சளி, காய்ச்சல் என்று விடுப்பு கேட்டாலும் பேட்டன் வந்துவிடுவார். 1977 நவம்பர் 20, மின்னசோட்டா வைக்கிங்ஸுக்கு எதிராக, ஃப்ளூ காய்ச்சலோடு வந்து 40 முறை பந்தைத் தூக்கி 275 கெஜம் ஓடினார். அன்றைக்கு அது என்எஃப்எல் சாதனை, 2000ஆம் ஆண்டு வரை யாரும் தொடவில்லை. உண்மைதான், மலைக்க வைக்கிற உண்மை. ஆனால் காலாண்டுக் கணக்கு முடிக்க வேண்டிய ஒரு பெண் 102 டிகிரி காய்ச்சலோடு தொலைபேசியில் விடுப்பு கேட்கும்போது அதைச் சொல்லலாமா?

பேட்டனுக்கு முன்னால் யாருமே இல்லையா என்றால், இருக்கிறார்கள், அங்கேதான் எங்கள் கணக்குப்பிள்ளையின் சங்கடமும் இருக்கிறது. அவருடைய அப்பா கேல் சேயர்ஸ் கட்சி. 1965 டிசம்பர் 12, ரிக்லி மைதானம், மழையில் குழம்பிக் கிடந்த தரை. எல்லோரும் வழுக்கி விழுந்துகொண்டிருக்க, புதுமுகம் சேயர்ஸ் மட்டும் சான் பிரான்சிஸ்கோவுக்கு எதிராக ஆறு டச் டவுன் போட்டார். 61க்கு 20 என்று வெற்றி. அப்பாவின் தோளில் உட்கார்ந்து பார்த்தேன் என்கிறார் இவர். பார்த்திருக்கலாம். அன்று அங்கே இருந்ததாகச் சொல்லும் சிகாகோக்காரர்களையெல்லாம் உட்கார வைக்க ரிக்லி மைதானத்தை மிச்சிகன் ஏரிவரை இழுத்துக் கட்டியிருக்க வேண்டும். ஒரு ஓட்டத்துக்குச் சராசரி பார்த்தால் சேயர்ஸ் 5.0 கெஜம், பேட்டன் 4.4. இந்த இடத்தில் மட்டும் மனிதர் கழிக்கவும் முடியாமல், பெருக்கவும் முடியாமல், அப்பாவை விட்டுக்கொடுக்கவும் முடியாமல் தண்ணீர் குடிப்பார். முப்பதுகளில் ஆடிய ப்ராங்கோ நகர்ஸ்கி ஓடிய வேகத்தில் ரிக்லியின் செங்கல் சுவரில் முட்டி, எழுந்து வந்து, கடைசியாக இடித்தவன் பலசாலி என்று சொன்ன கதையையும் நேரில் பார்த்த மாதிரிதான் சொல்கிறார். அது நடந்ததாகச் சொல்லும் காலத்தில் அவர் அப்பாவே அரைக்கால் சட்டை.

இன்னொன்றையும் கவனித்திருக்கிறேன். ஃபோர்ட்டே பேர்ஸில் ஆடிக்கொண்டிருந்த எட்டு வருடமும் அவருக்கு ஃபோர்ட்டேயைக் கண்டால் ஆகாது. 2016இல் முப்பது வயதான ஃபோர்ட்டேயிடம் இனி ஒப்பந்தம் கிடையாது என்று அணி சொன்னது. மறுநாளிலிருந்து ஃபோர்ட்டே மகான். "எப்படிப்பட்ட ஆளை விட்டுட்டாங்க" என்று எங்களிடமே குறைபட்டார். ஹவர்டுக்கு ஃபோர்ட்டேயை வைத்துக் கழிவு போட்டார். ஹவர்ட் 2019இல் பிலடெல்ஃபியாவுக்குப் போனதும் அடுத்து வந்த மான்ட்கோமரிக்கு ஹவர்டை வைத்துக் கழிவு. போனவன் நல்லவன், வருகிறவன் சுமார். ஸ்விஃப்ட் என்றைக்கு மூட்டை கட்டுகிறாரோ அன்றைக்கு அந்த 56 கெஜமும் திரும்பக் கிடைத்துவிடும்.

இதுவரைக்கும் சிரித்துவிட்டுப் போகலாம். சிரிக்க முடியாதது ஒன்று இருக்கிறது. எந்தப் பையனாவது தொடைத்தசை பிடித்துக்கொண்டு ஒரு வாரம் ஆடாமல் உட்கார்ந்தால், "இந்தக் காலத்துப் பசங்க வெண்ணெய்" என்பார். பேட்டன் 13 வருடத்தில் தவறவிட்டது ஒரே ஓர் ஆட்டம் என்பார். அதுவும் உண்மைதான். ஆனால் அவர் அப்பா கொண்டாடிய சேயர்ஸுக்கு என்ன ஆயிற்று? 1968இல் வலது முழங்கால் போயிற்று. அடுத்த வருடம் திரும்பி வந்து லீகிலேயே அதிக கெஜம் ஓடினார். 1970இல் இடது முழங்கால். மொத்தம் 68 ஆட்டத்தோடு கதை முடிந்தது. 34 வயதில் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள், அவ்வளவு இளவயதில் அங்கே போய்ச் சேர்ந்தவர் வேறு யாரும் இல்லை. கடைசி வருடங்களில் மறதி நோய் வந்து 2020இல் இறந்தார், பந்தாட்டம்தான் காரணம் என்று அவர் குடும்பம் சொன்னது. இருபத்திரண்டு வயதில் வாங்கி, இருபத்தேழு வயதில் தூக்கிப் போடுகிற வேலை அது. படியேறும்போது முட்டியைப் பிடித்துக்கொண்டு முனகுகிற ஒருவர், சிப்ஸ் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு, அந்தப் பையனைப் பார்த்து வெண்ணெய் என்று சொல்வதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. முகத்துக்கு நேரே சொல்லியும் இருக்கிறேன். சிப்ஸை என் பக்கம் நகர்த்தினார்.

ஆனாலும் மனிதரை வெறுக்க முடியவில்லை. 1986 ஜனவரியில் பேர்ஸ் சூப்பர் பவுலை 46க்கு 10 என்று வென்றது. ஊரே தலைகீழாக நின்று கொண்டாடிய அந்த நாளைப் பற்றி இவரிடம் பேசினால் முகம் சுருங்கிவிடும். ஃப்ரிஜ் என்று பட்டப்பெயர் வைத்த அந்தப் பெருத்த தடுப்பாட்டக்காரர் வில்லியம் பெர்ரி கையில் பந்தைக் கொடுத்து டச் டவுன் போட வைத்தார்கள், பேட்டனுக்கு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. நாற்பது வருடமாக ஆறாத புண் அது. வெற்றியிலும் அழத் தெரிந்த ஒரே ரசிகர் இவர்தான் என்று நினைத்திருந்தேன், விசாரித்தால் ஊரில் பாதிப் பேர் அப்படித்தான்.

1999 நவம்பர் 1ஆம் தேதி பேட்டன் கல்லீரல் நோயால் 45 வயதில் இறந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை கிரீன் பேயில் ஆட்டம். கடைசி நொடியில் பேக்கர்ஸ் உதைத்த பந்து உள்ளே போயிருந்தால் தோல்வி. பிரையன் ராபின்சன் எம்பி அதைத் தட்டிவிட்டார், 14க்கு 13 என்று ஜெயித்தோம். அவ்வளவு உயரம் தன்னால் எம்ப முடியாது, பேட்டன்தான் தூக்கிவிட்டார் என்றார் ராபின்சன். எதற்கும் ஐந்து கழிவு வைத்திருக்கும் எங்கள் கணக்குப்பிள்ளை இதற்கு மட்டும் ஒரு கழிவும் போட்டதில்லை. காற்று அடித்ததா, உதைத்தவர் தாழ்வாக உதைத்தாரா என்று யாராவது ஆரம்பித்தால் முறைப்பார்.

போன பருவத்தில் ஒருநாள் அவர் வீட்டில் ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தோம். முதல் பாதியில் எங்கள் பையனுக்கு ஓட வழியே கிடைக்கவில்லை. இவர் பேட்டனைத் தொடங்கிவிட்டார். அடுக்களையிலிருந்து வந்த அவர் மனைவி என்னிடம், "பேட்டன் ஆடின முதல் ஆட்டத்துக்கு எங்க ரெண்டு பேரையும் இவங்க அப்பாதான் கூட்டிட்டுப் போனார், தெரியுமா? அப்போ எங்களுக்குக் கல்யாணம்கூட ஆகல" என்றார்.

1975 செப்டம்பர், சோல்ஜர் ஃபீல்ட், எதிரணி பால்டிமோர் கோல்ட்ஸ். பேட்டன் எட்டு முறை பந்தை வாங்கினார். ஓடியது மொத்தம் பூஜ்யம் கெஜம். பேர்ஸ் 35க்கு 7 என்று தோற்றது.

"மூணாவது குவார்ட்டர்லயே இவங்க அப்பா எழுந்துட்டார். நாலாவது ஆளா எடுத்த வாய்ப்பை வீணாக்கிட்டாங்க, இவன் சேயர்ஸ் கால் தூசிக்குக் காணமாட்டான்னு கார் நிறுத்தற இடம் வரைக்கும் திட்டிக்கிட்டே வந்தார்."

நான் அவரைப் பார்த்தேன். அவர் தொலைக்காட்சியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முன்னாடி நின்ன அஞ்சு பேரும் சரியில்ல. அவன் பாவம், என்ன பண்ணுவான்?" என்றார் கடைசியில்.

"இதை அன்னிக்கே சொல்லியிருந்தா கடைசி வரைக்கும் உட்கார்ந்து பார்த்திருக்கலாம்" என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் சிப்ஸ் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.