21 அடியில் என் பங்கு

மான் வேட்டைக்கு முதலில் வேண்டியது துப்பாக்கி என்றுதான் நானும் நினைத்திருந்தேன். விஸ்கான்சினுக்குக் குடிவந்து, பக்கத்து வீட்டுப் பெரியவரோடு பழகிய பிறகுதான் தெரிந்தது, முதலில் வேண்டியது ரம்பம். துப்பாக்கிக்கு இங்கே முக்கியமான சீசன் ஒன்பதே நாள். நவம்பரில் வரும் தாங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு முந்தைய சனிக்கிழமை தொடங்கும். அதற்கு முன்பு செப்டம்பர் நடுவிலேயே வில்லும் அம்பும் புறப்பட்டுவிடும். இரண்டுக்கும் முன்னால் ஆகஸ்டில் கிளை கழிக்கப் போக வேண்டும். கணக்குப் போட்டுப் பார்த்தால் வேட்டைக்காரர்களில் பெரும்பாலோர் சம்பளமில்லாத தோட்டக்காரர்கள்.

காரணம் இருக்கிறது. மனிதர் பதினைந்து இருபது அடி உயரத்தில், மரத்தோடு கட்டிய பரணில் இடுப்பிலும் தோளிலும் வாரைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அங்கிருந்து மான் தெரிந்தால் மட்டும் போதாது. நடுவில் பென்சில் பருமனுக்கு ஒரு குச்சி நீட்டிக்கொண்டிருந்தாலும் அம்பு அதில் உரசி எங்கேயோ போய்விடும். அம்பு நேர்க்கோட்டில் போவதும் இல்லை, சற்று மேலெழுந்து வளைந்துதான் இறங்கும். அதனால் கண்ணுக்கு நேரே தெரியும் கிளையோடு, அதற்கு மேலே இருப்பதையும் கழிக்க வேண்டும். பரணிலிருந்து நாலைந்து திசையில் சந்து மாதிரி வெட்டிவிட்டால்தான் வேலைக்கு ஆகும்.

இதில் நான் எப்படி நுழைந்தேன் என்று கேட்பீர்கள். எங்கள் ஊரில் 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு முயலைப் பிடித்தாலே வழக்கு. வேட்டைக்கும் எனக்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது. ஆனால் ஒருநாள் பேச்சுவாக்கில், மூங்கில் கழியின் நுனியில் அரிவாளைக் கட்டி ஆட்டுக்குத் தழை அறுப்போம், அதற்குத் தொரட்டி என்று பெயர் என்று சொல்லித் தொலைத்தேன். அன்றிலிருந்து அவர் பார்வையில் நான் நிபுணர். ரம்பம் வாங்கப் போகும்போது வண்டியில் என்னையும் ஏற்றிக்கொண்டார்.

கடையில் ஒரு சுவர் முழுக்க நீளும் கழி ரம்பங்கள். கயிறு இழுத்தால் வாய் மூடும் கத்திரி வகையை அவர் தொடவே இல்லை. விரல் தடிமன் கிளைக்குச் சரி, காட்டுக்குள் கொண்டுபோனால் அறுபடுகிற கிளையைவிடச் சிக்குகிற கயிறு அதிகம் என்றார். பேட்டரி ரம்பத்தை நான் ஆசையாகத் தூக்கிப் பார்த்தேன். மோட்டார், சங்கிலி எல்லாம் நுனியில் இருக்க, கனம் முழுவதும் அங்கேயே தொங்கியது. அவருடைய ஆட்சேபம் வேறு.

“சங்கிலி எண்ணெய் சொட்டும். மானுக்கு வாசனை தெரிந்துவிடும்.”

வேட்டைத் துணியை வாசனையில்லாத சோப்பில் தனியாகத் துவைக்கிறவர் அவர். தேங்காயெண்ணெய்த் தலையோடு என்னைக் காட்டுக்குள் விடுவதற்கே யோசித்தார் என்பதைப் பிற்பாடு தெரிந்துகொண்டேன்.

மிஞ்சியது கையால் இழுக்கும் ரம்பம். அதில் ஒன்று அட்டையில் கொட்டை எழுத்தில் ‘21 அடி வரை எட்டும்’ என்றது. கழியை முழுக்க நீட்டி டேப் பிடித்தோம், பதினைந்து அடிதான் வந்தது. மீதி ஆறு அடி எங்கே என்று கடைப் பையனிடம் கேட்டேன்.

“அது உங்க உயரம் சார். பிடிக்கிறவரையும் சேர்த்துத்தான் கணக்கு.”

நானோ ஐந்தடி நாலு அங்குலம். என் பங்குக்குப் போட வேண்டிய மூலதனத்தில் எட்டு அங்குலம் பாக்கி.

அந்தப் பதினைந்து அடியே தேறுமா என்றால் அதுவும் இல்லை. முழுக்க நீட்டியபோது, பெரிய மீன் மாட்டிய தூண்டில் போல நுனி வளைந்து ஆடியது. இதுதான் விஷயமே. கை ஓரடி இழுக்கும், அதில் பாதியைக் கழியின் வளைவே தின்றுவிடும், கிளையில் ரம்பம் நாலைந்து அங்குலம் நகர்ந்தால் பெரிது. நல்ல ரம்பத்தில் பல் எல்லாம் இழுக்கும்போது அறுக்கிற வாக்கில் இருக்கும். தள்ளும்போது அறுக்கச் சொன்னால் இந்தக் கழி வளைந்து கொடுக்குமே தவிர மரம் அறுபடாது. அலகு லேசாக வளைந்திருந்தால் ரம்பத்தின் கனமே அதைக் கிளையில் அழுத்தும், தோள் கொஞ்சம் பிழைக்கும். அடிக்கணக்கைப் பார்த்து வாங்குகிறவர்கள் இதையெல்லாம் பார்ப்பதில்லை. நீட்டிய கழி எத்தனை விறைப்பாக நிற்கிறது என்று எந்த அட்டையிலும் போடுவதும் இல்லை.

இதே விஸ்கான்சினில் ஆல்டோ லியோபோல்ட், மின்னல் விழுந்து பட்டுப்போன ஓக் மரம் ஒன்றை அறுத்ததையே கட்டுரையாக்கியிருக்கிறார். 1949-ல் வந்த அவருடைய புத்தகத்தில் இருக்கிறது. ரம்பம் ஒவ்வொரு வளையமாக உள்ளே போகப்போக ஊரின் சரித்திரத்தைப் பின்னோக்கிச் சொல்லிக்கொண்டே போவார். அவர் அறுத்தது தரையில் நின்றபடி. தலைக்கு மேலே பதினைந்து அடியில் அண்ணாந்து அறுத்திருந்தால் இரண்டாவது வளையத்திலேயே கழுத்துப் பிடித்துக்கொண்டு, சரித்திரம் அதோடு முடிந்திருக்கும்.

கடைசியில் பன்னிரண்டு அடிக் கழியை நான் சிபாரிசு செய்தேன். இரண்டே துண்டு, நெம்பி இறுக்கும் பூட்டு. பட்டன் பூட்டில் கொஞ்சம் மண் புகுந்தால் போதும், கையுறை போட்ட விரலுக்கு அது அசையாது. அலுமினியம் வேண்டாம், ஃபைபர்கிளாஸ் எடுங்கள் என்றும் சொன்னேன். காட்டில் மின்கம்பி ஏது என்று கேட்டார். காட்டில் இல்லை, ஆனால் அவர் வீட்டு மேப்பிள் மரத்தை ஒட்டித்தான் கம்பி போகிறது, அவர் வீட்டு அம்மாள் கண்ணில் இந்த ரம்பம் படாமல் இருக்கப் போவதில்லை. எந்தக் கழியானாலும் கம்பிக்குப் பத்தடி தள்ளியே நிற்க வேண்டும் என்பது வேறு விஷயம். கடைசியாக, அலகின் அடியில் கொக்கி இருக்கிறதா என்று பார்த்தேன். அறுத்த கிளை பாதி நேரம் கீழே விழாது, பக்கத்துக் கிளையில் போய்ப் படுத்துக்கொள்ளும். அதை இழுத்துப் போடத்தான் கொக்கி. தொரட்டி பிடித்த எவனுக்கும் இது தெரியும். “நிபுணர்” என்று பெரியவர் கடைப் பையனிடம் பெருமையாகச் சொன்னார்.

ஆகஸ்டில் அவருடைய சொந்தக் காட்டுக்குப் போனோம். ஏப்ரல் முதல் ஜூலை வரை ஓக் மரத்தில் இங்கே யாரும் கத்தி வைப்பதில்லை. வெட்டுக்காயத்தின் சாறு குடிக்க வரும் வண்டு, ஓக் வாடல் நோயின் பூஞ்சையைக் கொண்டுவந்து ஒட்டிவிட்டுப் போகும். அவர் பரணில் ஏறி உட்கார்ந்துகொண்டார். நான் கீழே, கண்ணாடி மாட்டி, ரம்பத்தோடு. முதலில் கிளையின் அடிப்பக்கம் கொஞ்சம், பிறகு மேலிருந்து. இல்லையென்றால் முறியும்போது பட்டையை நீளமாக உரித்துக்கொண்டு வரும். கிளைக்கு நேர் கீழே நிற்கக் கூடாது.

“இடது பக்கம். உன் இடது இல்லை, என் இடது. அது இல்லை, அதற்குப் பின்னால் இருப்பது.”

மரத்தூள் சட்டைக் கழுத்துக்குள் இறங்கிக்கொண்டே இருந்தது. மேலே உட்கார்ந்திருப்பவருக்கு எல்லாக் கிளையும் கைக்கெட்டுகிற மாதிரிதான் தெரியும் போலிருக்கிறது.

அடுத்த வாரம் போய்ப் பார்த்தால், வெட்டிப் போட்ட கிளையில் பாதிக்குத் தழையே இல்லை. மான்கள் மேய்ந்துவிட்டுப் போயிருந்தன. மான்களுக்குள் ஒரு நோய் பரவுகிறது என்று எங்கள் கவுண்டியில் தீனி போட்டு மானை வரவழைக்கத் தடை. 2002-லேயே இந்தப் பக்கத்து மான்களில் அந்த நோயைக் கண்டுபிடித்துவிட்டார்கள். பெரியவர் சட்டத்துக்குப் பயந்தவர், மிச்சத் தழையைத் தூரத்தில் அள்ளிப் போடச் சொன்னார். ஆட்டுக்கு அறுத்த காலத்தில் இந்த வேலை எனக்கு இருந்ததில்லை.

அள்ளி முடித்தபோது மேலிருந்து குரல் வந்தது. ஒரே ஒரு கிளை பாக்கியாம், ரம்பத்துக்கு எட்டாத உயரத்தில். வண்டியில் ஏணி இருக்கிறது என்றார். ஏணி மேல் நின்று கழி ரம்பம் பிடிக்கிற வேலைக்கு நிபுணர்கள் வருவதில்லை, அந்தப் பக்கம் வருகிற மானை நாலடி தள்ளி நிற்கச் சொல்லுங்கள் என்றேன்.