கரகரப்ரியாவுக்கு ஒரு பெட்டி

சத்தத்தைக் கெடுப்பதற்கென்றே காசு செலவழிக்கும் ஒரு கூட்டம் உலகத்தில் இருக்கிறது. அதில் நானும் ஒருவன். எலெக்ட்ரிக் கிட்டாரிலிருந்து ஒழுங்காக வரும் சத்தத்தை வழிமறித்து, நசுக்கி, சிராய்த்து, கரகரக்க வைத்து ஆம்பிளிஃபயருக்கு அனுப்பும் சின்னப் பெட்டிக்குப் பெடல் என்று பெயர். காலால் மிதித்தால் வேலை செய்யும், மறுபடி மிதித்தால் நின்றுவிடும். கடையில் கிடைக்கிறது. நாங்கள் கடையில் வாங்க மாட்டோம், வீட்டிலேயே செய்வோம். கடையில் வாங்கினால் செலவு குறைந்துவிடும்.

என் மாமனார் டெலிபோன் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர். நான் முதல் பெடலை அவர் முன்னால் மிதித்துக் காட்டியபோது, முகத்தில் சலனமில்லாமல் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"மாப்ளே, லைன்ல இந்த மாதிரி கரகரன்னு வந்தா ஜனங்க கம்ப்ளெயிண்ட் எழுதுவாங்க. நாங்க வெயில்ல கம்பத்துல ஏறி அதைச் சரி பண்ணுவோம். அதுக்குத்தான் சம்பளம் குடுத்தாங்க, இப்ப பென்ஷனும் குடுக்கறாங்க. நீங்க சொந்தக் காசைப் போட்டு அதை உள்ளே வைக்கறீங்க."

நியாயமான கேள்விதான். பதிலுக்குச் சரித்திரத்தைத் துணைக்கு அழைத்தேன். அமெரிக்காவில் நாஷ்வில் நகரத்து ஸ்டூடியோ ஒன்றில் பாடகர் மார்ட்டி ராபின்ஸ், 1961இல் வெளிவந்த ஒரு பாட்டைப் பதிவு செய்துகொண்டிருந்தார். கிரேடி மார்ட்டின் பேஸ் கிட்டார் வாசிக்கும் இடத்தில் மிக்ஸிங் மேசையின் ஒரு சேனல் பழுதாகி, தகரத்தில் தேனீ சிக்கிய மாதிரி ஒரு சத்தம் வந்தது. அழித்துவிட்டு மறுபடி எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. பாட்டு அப்படியே வெளியே போனது, நன்றாகவும் ஓடியது. அந்தச் சத்தம் எங்களுக்கும் வேண்டும் என்று மற்றவர்கள் வர ஆரம்பிக்க, ஒலிப்பதிவாளர் க்ளென் ஸ்னாடி அதே பழுதை டிரான்சிஸ்டர் வைத்து வேண்டுமென்றே செய்துகாட்டினார். அதை கிப்சன் கம்பெனி 1962இல் 'மேஸ்ட்ரோ ஃபஸ் டோன்' என்ற பெயரில் விற்பனைக்கு விட்டது. முதலில் சீந்துவார் இல்லை. 1965இல் ரோலிங் ஸ்டோன்ஸின் கீத் ரிச்சர்ட்ஸ் அதை மிதித்து 'சாட்டிஸ்ஃபேக்‌ஷன்' வாசித்ததும் கடையில் சரக்குத் தீர்ந்துபோனது. பெட்டி வாங்க வசதியில்லாதவர்களும் சும்மா இருக்கவில்லை. கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் 1964இல் ஸ்பீக்கர் காகிதத்தையே பிளேடால் கிழித்துவிட்டு வாசித்தார்.

மாமா பொறுமையாகக் கேட்டார். "அதாவது, ரிப்பேரைச் சரி பண்ணாம, அந்த ரிப்பேரையே பெட்டியில போட்டு வித்துட்டாங்க."

"ஆமா மாமா."

"எங்க டிபார்ட்மெண்ட்ல இந்த மூளை ஒருத்தனுக்கும் இல்லாமப் போச்சே."

பெடல்களில் எளியது ஃபஸ் ஃபேஸ். 1966இல் லண்டனில் ஐவர் ஆர்பிட்டரின் கம்பெனி கொண்டுவந்தது. மைக் ஸ்டாண்டின் வட்டமான அடிப்பாகத்தைப் பார்த்து அதே உருவத்தில் வார்த்த பெட்டி. மேலிருந்து பார்த்தால் இரண்டு கண்ணும் சிரித்த வாயுமாக ஒரு முகம். ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் மிதித்தது இதைத்தான். உள்ளே இருப்பது 2 டிரான்சிஸ்டர், 4 ரெசிஸ்டர், 3 கெபாசிட்டர், 2 கண்ட்ரோல். ஆக 11 உருப்படி. 9 வோல்ட் பேட்டரியில் ஓடும் டிரான்சிஸ்டரால் 9 வோல்ட்டுக்கு மேல் எட்ட முடியாது. சிக்னலை அளவுக்கு மீறிப் பெருக்கினால் அலையின் உச்சி அங்கே இடித்துத் தட்டையாகிவிடும். அந்தத் தட்டையில் பிறப்பதுதான் கரகரப்பு. இவ்வளவுதான் விஞ்ஞானம்.

சிலிக்கான் டிரான்சிஸ்டர் போதுமென்றால், அத்தனையும் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வண்டி நிறுத்தும் காசுக்குள் அடங்கிவிடும். அடங்க விட மாட்டார்கள் என்பது வேறு விஷயம். "நூறு கே ரெசிஸ்டர் ரெண்டு" என்றால் கடைக்காரர் நம்மைப் பார்க்கிற பார்வையில், ஒற்றை வெற்றிலை கேட்டு வந்த குற்ற உணர்ச்சி வந்துவிடும். "பாக்கெட்டா எடுத்துக்கங்க சார்." எடுத்துக்கொண்டு வருவோம். பெடல் செய்கிற ஒவ்வொருவன் வீட்டிலும் உள்ள பிளாஸ்டிக் டப்பாக்களில், பேரன் காலம்வரை தாங்கும் அளவுக்கு ரெசிஸ்டர் இருப்பது இப்படித்தான்.

சாயங்காலம் காபி குடித்துவிட்டு உட்கார்ந்தால் ராத்திரிச் சாப்பாட்டுக்குள் சர்க்யூட் முடிந்துவிடும். மாமா பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டு மேற்பார்வை பார்ப்பார். கொள்கையளவில் அவருக்கு இதில் உடன்பாடு கிடையாது. ஆனால் தன் கண்ணெதிரே ஒருவன் மட்டமாக சால்டர் வைப்பதை அவரால் சகிக்க முடியாது. "பளபளன்னு இருக்கணும் மாப்ளே. மங்கிப்போச்சுன்னா டிரை சால்டர். சூடு காட்டுங்க, இன்னும் காட்டுங்க, ஆங், போதும்."

சர்க்யூட்டில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. எல்லாப் பெடலின் படமும் எல்லாரிடமும் இருக்கிறது. அமெரிக்காவில் பில் ஃபினெகன் என்பவர் 1994இல் 'கிளான் சென்டார்' என்று ஒரு பெடலைக் கொண்டுவந்து, யாரும் காப்பியடிக்கக் கூடாதென்று சர்க்யூட் மேல் எபாக்ஸியை ஊற்றி மூடினார். ஜனங்கள் அதையும் சுரண்டி எடுத்துப் படம் போட்டுவிட்டார்கள். அவர் செய்த பழைய பெட்டிகள் இன்று ஆயிரக்கணக்கான டாலருக்குக் கைமாறுகின்றன. மனிதர் நொந்துபோய், பின்னால் செய்த 'கேடிஆர்' பெடலின் மேலேயே, இந்த ஆர்ப்பாட்டத்துக்கெல்லாம் நான் காரணமில்லை என்ற பொருளில் ஒரு வாசகத்தை அச்சடித்துவிட்டார்.

எல்லோருக்கும் சர்க்யூட் ஒன்றுதான் என்றால் ஒருவன் திறமையை எங்கே காட்டுவது? பெட்டியில்தான். இந்தப் பொழுதுபோக்கில் சத்தம் செய்ய ஒரு சாயங்காலம், பெட்டி செய்ய ஒரு வருஷம்.

வார்த்த அலுமினியப் பெட்டி, 11 சென்டிமீட்டர் நீளம், 6 அகலம், 3 உயரம். அதில் கண்ட்ரோலுக்கு இரண்டு, கேபிளுக்கு இரண்டு, அடாப்டருக்கு ஒன்று, விளக்குக்கு ஒன்று, ஸ்விட்சுக்கு ஒன்று என்று துளை போட வேண்டும். சென்டர் பஞ்ச் வைத்துத் தட்டாமல் டிரில்லை வைத்தால் அது பெட்டி முழுவதும் கோலம் போட்டுவிட்டு, தனக்குப் பிடித்த இடத்தில் இறங்கும். ஆகவே நான் தெருக்கோடி லேத் பட்டறைக்குப் போய்விடுவேன். அங்கே, "இது எந்த வண்டி பார்ட் சார்?" என்பார்கள். வண்டியில்லை, கிட்டார் என்றால் மரியாதை கொஞ்சம் குறைந்து, விலை கொஞ்சம் கூடும்.

பிறகு பெயிண்ட். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பிரைமர் அடித்து, காயவைத்து, மறுபடி தேய்த்து, கலர் அடித்து, கிளியர் கோட் அடித்து முடிக்க வேண்டும். ஸ்ப்ரே டப்பாவின் முதுகில் போட்டிருக்கும் குறிப்பை எழுதியவர் சென்னையைப் பார்த்ததில்லை. காற்றில் ஈரமில்லாத, தூசியில்லாத நாளாகப் பார்த்து அடிக்கச் சொல்கிறார். பஞ்சாங்கத்தில் தேடினாலும் அப்படி நாள் இல்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை. அந்த ஈரத்தில் அடித்தால் பெயிண்ட் பால் பூத்து வெளுத்துவிடும். ஆடியில் காற்று, தெரு மண் மொத்தமும் மொட்டை மாடியில். பொங்கலை ஒட்டி அருமையாகச் சில நாள் அமையும். சரியாக அதன் நடுவில் போகி வரும். ஊர்ப்பட்ட பாயும் டயரும் எரிந்த கரி என் வெள்ளை எனாமலைத் தேடிவந்து உட்காரும்.

மிச்சம் இருப்பது சித்திரை, வைகாசி. அடித்துவைத்தால் அரை மணியில் காய்ந்துவிடும், அருமையான வெயில். ஆனால் அந்த வெயில் என் மாமியாருக்குச் சொந்தம். கூழ் வடகமும் மோர் மிளகாயும் மாடி முழுக்க வேட்டியில் விரித்திருக்கும். "மாப்பிள்ளை தாராளமா அடிக்கட்டும், வடகம் எடுத்தப்புறம்" என்று அத்தை என் மனைவியிடம் சொல்லி அனுப்புவார். வடகம் எடுப்பது சாயங்காலம். அப்போது வெயில் போய்க் கொசு வந்திருக்கும். ஈரமான கிளியர் கோட்டில் கொசு உட்கார்ந்தால் எழுந்திருக்காது. எழுப்பினால் கால் மட்டும் தங்கிவிடும். அமெரிக்காவில் ஸீவெக்ஸ் கம்பெனி பெடல்களுக்குக் கையால் படம் வரைந்து கூடுதல் விலைக்கு விற்கிறது. என்னுடையதும் கைவேலைதான், அதில் உயிருள்ள ஒன்று நிஜமாகவே பதிந்திருக்கிறது. ஆனாலும் பார்ப்பவர்கள், "என்னமோ ஒட்டியிருக்கே" என்று நகத்தால் சுரண்டத்தான் வருகிறார்கள்.

பெட்டிக்குப் பெயர் வைக்காவிட்டால் வேலை முடிந்ததாகக் கணக்கில்லை. என் ஃபஸ் பெடலுக்குக் 'கரகரப்ரியா' என்று வைத்தேன். இதைவிடப் பொருத்தமான பெயர் அந்தச் சத்தத்துக்கு அமையாது. எழுத்தை ஒட்ட நம்பர் பிளேட் ஸ்டிக்கர் கடைக்குப் போனேன். மெஷினில் அச்சாக வெட்டித் தருவார்கள், வெளிநாட்டு டீக்கால் எல்லாம் கிட்டே நிற்க முடியாது.

"நம்பர் சொல்லுங்க சார்."

"நம்பர் இல்லப்பா, பேரு. கரகரப்ரியா."

பையன் அடித்துப் பார்த்துவிட்டு, "பொண்ணா சார்?" என்றான். ஆமாம் என்றேன். விளக்குவதற்கு அது எளிது. "கீழே ஒரு பட்டாம்பூச்சி ஃப்ரீ சார்" என்றான். இன்றும் வால்யூம் கண்ட்ரோலுக்குக் கீழே அந்தப் பட்டாம்பூச்சி இருக்கிறது.

கடைசிக் கண்டம் ஸ்விட்ச். மூன்றுக்கு மூன்று என்று ஒன்பது முனை. ஒன்பதுக்கும் வேறு வேறு வேலை, கிட்டத்தட்ட நவக்கிரக மேடை. ஒரு ஒயர் இடம் மாறினால் தோஷம் உடனே தெரியும்: விளக்கு எரியும், சத்தம் வராது, அல்லது சத்தம் வரும், நிற்காது.

அன்றைக்கு எல்லா ஒயரும் சரியாகத்தான் இருந்தது. மூடி மாட்டாமல் பேட்டரியைக் கொடுத்து மிதித்தேன். ஆம்பிளிஃபயரிலிருந்து ஒரு பெண் குரல், தெளிவான தமிழில், செய்தி வாசித்தது. மூடாத ஒயர் ஏரியலாகி மீடியம் வேவைப் பிடிக்க, டிரான்சிஸ்டர் அதைப் பிரித்தெடுத்துக் கொடுத்துவிட்டது. ஃபஸ் பெடல் செய்கிற பலருக்கு இந்த அனுபவம் உண்டு. பின் அறையிலிருந்து மாமா எழுந்து வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு, வானிலை அறிக்கைவரை கேட்டார். "இப்பத்தான் மாப்ளே ஒரு உருப்படியான பெட்டி செஞ்சிருக்கீங்க" என்றார். அலுமினிய மூடியை எர்த்தோடு சேர்த்து முடுக்கியதும் செய்தி நின்றுவிட்டது. மாமாவின் பாராட்டும் அதோடு நின்றுவிட்டது.

வாசிப்பதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே என்பீர்கள். பெடல் செய்பவர்கள் வாசிப்பதில்லை, டெஸ்ட் செய்வார்கள். எல்லாருக்கும் ஒரு டெஸ்ட் பிட் உண்டு. வருஷக்கணக்காக அதே பிட்தான். அது முடிந்ததும் கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு அடுத்த பெட்டிக்குக் கலர் யோசிக்க ஆரம்பித்துவிடுவோம். கச்சேரிக்குப் போகிற கிட்டார்காரர்களிடம் இருப்பதைவிட எங்களிடம் பெடல் அதிகம். விரலில் காய்ப்பு அவர்களுக்கு, சூடு எங்களுக்கு.

எனக்கு இப்போது வேண்டியிருப்பது ஜெர்மானியம் டிரான்சிஸ்டர். ஆரம்பகால ஃபஸ் ஃபேஸில் இருந்தது அதுதான். சிலிக்கானைவிடக் கரகரப்பு மிருதுவாக இருக்கும். ஆனால் உஷ்ணம் ஆகாது. சும்மா இருக்கும்போதே கொஞ்சம் கரண்ட் கசியும் சுபாவம் அதற்கு. ஏறக்குறைய 10 டிகிரிக்கு ஒருமுறை அந்தக் கசிவு இரட்டிப்பாகும். லண்டன் குளிருக்குக் கணக்குப் போட்ட சர்க்யூட்டை அக்னி நட்சத்திரத்தில் மிதித்தால், ஹெண்ட்ரிக்ஸுக்குப் பதில் தொண்டை கட்டியவர் வருவார். ஏசி போட்ட அறையில்தான் வாசிக்க வேண்டும். இதை வைத்து என் அறைக்கு ஏசி கேட்டுப் பார்த்தேன். தம்மாத்தூண்டு டிரான்சிஸ்டருக்கு ஏசியா என்று வீட்டில் ஏகமனதாகத் தள்ளுபடி ஆனது.

உஷ்ணத்தையாவது சமாளிக்கலாம், சரக்குக் கிடைப்பதில்லை. ஒரு காலத்தில் பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸிலேயே ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் செய்தார்கள். பழைய ரேடியோக்களில் அது இருக்கும். ஆகவே வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். பரணில் தாத்தா காலத்து டிரான்சிஸ்டர் ரேடியோ கிடந்தால், எடைக்குப் போடுவதற்கு முன் பின்பக்கத் திருகைக் கழற்றிப் பாருங்கள். மூன்று கால் வைத்த சின்ன உலோகக் குழலில் ஏசி 128 என்று எழுதியிருந்தால், இந்தப் பத்திரிகை முகவரிக்கு ஒரு கார்டு போடுங்கள், விலை பேசிக்கொள்ளலாம். ரேடியோ இன்னும் பாடிக்கொண்டிருந்தால் மட்டும் கையை வைக்காதீர்கள். மாமா என்னோடு பேச மாட்டார்.