ஓட்டைக்கு ஒரு சான்றிதழ் வேண்டி

பெறுநர்:
மாண்புமிகு வாகனப் பரிசோதனைக் குழுவினர்,
மைதானத்திலேயே மின்விசிறி உள்ள ஒரே கூடாரம்.

பொருள்: 5 மி.மீ. ஓட்டை தொடர்பாக.

ஐயா,

ஞாயிறு காலை ஆறே முக்காலுக்கு என் பழைய எஸ்டீம் பந்தயக் காருக்குள் தலையை நுழைத்து, ஓட்டுநரைக் காக்கும் குழாய்க் கூடான ரோல் கேஜின் மெயின் ஹூப்பில் (பிரதான வளைவில்) விரலை வைத்து, "இதென்னய்யா ஓட்டை?" என்று கேட்டீர்கள். எனக்குப் புல்லரித்துவிட்டது. அது தாங்கள் போடச் சொன்ன ஓட்டை.

போன வருடம், "பைப் கனம் எப்படித் தெரியும்? ஓட்டை போடு" என்றீர்கள். போட்டோம். அதன் வழியே அளந்து, 2.5 மி.மீ. சரி என்று கையெழுத்தும் போட்டீர்கள். இந்த வருடம், "சான்றளித்த கேஜில் துளையிடக் கூடாது, வண்டியை ஓரங்கட்டு" என்கிறீர்கள். வண்டியில் அதே பழைய ஓட்டைதான். புது ஓட்டை தங்கள் ஞாபகத்தில்.

எஃப்.ஐ.ஏ. மோட்டார் பந்தய விதிகளின் 253-ஆம் பிரிவை நாங்களும் பாராயணம் செய்தவர்கள்தாம். மெயின் ஹூப்புக்கு 45 மி.மீ. விட்டம், 2.5 கனம், இல்லையேல் 50-க்கு 2. சீம்லெஸ் பைப்தான். பாடியில் கேஜின் ஒவ்வொரு காலுக்கும் 3 மி.மீ. தகடு, 120 சதுர செ.மீ., குறைந்தது மூன்று எம்8 போல்ட். கூரைக்கும் பைப்புக்கும் நடுவே வெல்டிங் டார்ச் நுழையவில்லை என்று, எங்கள் கணபதி வெல்டர் அண்ணன் காரின் தரையையே வெட்டி, கேஜைக் கீழே இறக்கி, மேல் ஜாயின்ட்டைச் சுற்றிலும் வெல்டு வைத்து, மறுபடி தூக்கி நிறுத்தினார். தகட்டுக்கு அடியில் இருக்கும் அந்தப் பெரிய ஓட்டைகளைத் தாங்கள் கேட்கவே இல்லை. தங்கள் பார்வைக்கு 5 மி.மீ.தான் சரியான அளவு போலும்.

பக்கத்து வண்டிக்குப் பளபளவென்று பெயின்ட், லேமினேட் செய்த சான்றிதழ். அதன் மேல் ஜாயின்ட்டில் கூரைப் பக்கம் வெல்டே இல்லை. விரலை விட்டாலே தெரிகிறது. ஒரு கைக்கண்ணாடியை நீட்டிப் பார்க்க அரை நிமிடம் ஆகுமா? பார்க்கவில்லை. சான்றிதழைப் பார்த்தீர்கள், அனுப்பிவிட்டீர்கள். ஓட்டிய பையனுக்கு இருபது வயதுகூட இருக்காது. கார் குப்புறக் கவிழ்ந்தால் அவன் தலையைக் காக்கப்போவது வெல்டா, உங்கள் ரப்பர் ஸ்டாம்பா?

மன்னிக்கவும், வெயில். தங்கள் பெருந்தன்மையில் எந்த ஓட்டையும் இல்லை என்பதை ஊரறியும். கட்டிய கட்டணம் திரும்ப வராது என்ற விதியிலும் ஓட்டை இல்லை, அதை நானறிவேன்.

ஒரேயொரு விளக்கம் வேண்டும். ஓட்டையை அடைக்க வெல்டு வைக்க வேண்டும். வெல்டு வைத்தால் அது மாற்றம். மாற்றினால் புதுச் சான்றிதழ். புதுச் சான்றிதழ் என்றால் கனம் பார்க்க வேண்டும். கனம் பார்க்க...

டிரில்லிங் மெஷினை டிக்கியிலேயே வைத்திருக்கிறேன், ஐயா. இடத்தை மட்டும் காட்டுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் ஓட்டையின் தற்காலிகக் காப்பாளன்